ஊஞ்சல் வாங்குவதற்கு முன்

மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகள், வாவியின் இரு கரைகளிலுமுள்ள பிரதேச சபைகள் ஆகியவற்றின் உறுப்பினர்களுக்கு,



2025 மே 6ஆம் திகதி வாக்களித்து உங்களை அந்தக் கதிரைகளில் அமர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. வடிகான், வீதி விளக்கு, குப்பை, கட்டாக்காலி மாடு என்று உங்கள் மேசையில் குவிந்து கிடப்பவற்றை அறிவேன். அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நான் கேட்பது எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடக்கூடிய ஒரு சிறுவர் பூங்கா.

உங்களில் சிலரிடம் பூங்காத் திட்டம் ஏற்கெனவே இருக்கலாம். நிதி கிடைத்ததும் வழக்கமாக என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியல் வரும். அதிலிருந்து இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கி, ஒரு சீசோ தெரிவாகும். சுற்றி மதில் எழும்பும், நாடா வெட்டப்படும். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளையும் யோசித்தோம் என்று காட்டவேண்டி வந்தால், சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றி ஆட்டக்கூடிய ஒரு இரும்பு ஊஞ்சலைக் கூடுதலாக வாங்கி ஒரு மூலையில் நிறுத்துவார்கள். அதைச் சுற்றித் தனி வேலி இருக்கும், வேலிக்குப் பூட்டு இருக்கும், பூட்டின் திறப்பு யாரிடமோ இருக்கும். திறப்பு கிடைக்கும் நாளில் ஒரு பிள்ளை அங்கே தனியே ஆடும். மற்றப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள்.

அப்படியொன்றைக் கட்டிவிடாதீர்கள். நடக்க முடியாத பிள்ளையும், கண் தெரியாத பிள்ளையும், பேச்சு வராத பிள்ளையும், அடுத்த வீட்டில் துள்ளித் திரியும் பிள்ளையும் ஒரே விளையாட்டுக்குள் இருக்கிறார்களா என்று பார்த்துத்தான் ஒரு பூங்காவை மதிப்பிட வேண்டும். கருவிகளின் எண்ணிக்கையும் கல்வெட்டில் உள்ள பெயர்களும் பிறகு வரட்டும்.

இதை எங்கே போய்க் கற்பது என்று நீங்கள் கேட்டால், வெளிநாட்டுப் பயணம் தேவையில்லை என்பேன். நம் ஊரில் நடந்த ஒன்றே இருக்கிறது.

1996ஆம் ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற கலைஞரும் அதைத் தொடங்கினார்கள். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் நடந்தவற்றை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்த கொலைகளுக்குப் பிறகு, தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் ஒன்றையொன்று கண்டு அஞ்சிய காலம் அது. அந்தக் காலத்தில் இரு சமூகத்துப் பிள்ளைகளும் அந்தப் பூங்காவுக்கு ஒன்றாக வந்தார்கள். கிழமைக்கு ஒரு நாள் வீதம் ஒன்பது மாதங்கள் வந்தார்கள். வண்ணத்துப்பூச்சி தீட்டிய பஸ் ஊர்களுக்குப் போய், சோதனைச் சாவடிகளைக் கடந்து அவர்களை ஏற்றி வந்தது. களிமண், வர்ணம், மரத்துண்டு, செடி, பிராணிகள், கதை, நாடகம் இவையே அங்கிருந்த விளையாட்டுச் சாமான்கள். கூட இருந்து விளையாடியவர்கள், தாங்களும் போரில் இழப்புகளைக் கண்ட இளம் ஆண்களும் பெண்களும். அவர்களும் இரு சமூகங்களையும் சேர்ந்தவர்கள்.

நம்மில் பலர் கவனிக்காத தொடர்பு ஒன்று இதில் இருக்கிறது. ஹோகன் மட்டக்களப்புக்கு வருவதற்கு முன், 1980களில், டொரன்டோவில் ஹியூ மக்மிலன் என்ற சிறுவர் புனர்வாழ்வு வைத்தியசாலையின் வளவில் ‘ஸ்பைரல் கார்டன்’ என்ற தோட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். சிகிச்சைக்கு வந்த மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் அயலில் வாழ்ந்த மற்றப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக மண் பிசைந்து, செடி நட்டு, பொம்மை செய்து விளையாடினார்கள். அந்த வைத்தியசாலை இன்று ஹொலண்ட் புளூர்வியூ என்ற பெயரில் இயங்குகிறது. ஆக, போரால் உடைந்த நம் பிள்ளைகளைத் தேற்றிய தோட்டத்தின் வேர், உடல் வேறுபாட்டைப் பாராட்டாமல் பிள்ளைகள் சேர்ந்து விளையாடிய ஒரு வைத்தியசாலைத் தோட்டத்தில் ஓடுகிறது. நான் உங்களிடம் கேட்பது வெளிநாட்டில் இருந்து கொண்டுவரும் புதுச் சரக்கு என்று யாராவது சபையில் சொன்னால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் ஒரு பாதி இங்கே முளைத்துவிட்டது. விடுபட்ட மறுபாதியை, அதாவது மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளையும் உள்ளே அழைக்கும் பாதியை, நீங்கள் கட்டலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூங்கா தொடங்கிய அதே 1996இல்தான் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் நிறைவேறியது. பொது இடங்களுக்குள் அவர்கள் தடையின்றி வந்துபோக வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. வீதியோர மரம் விழுந்து நடக்கும் ஆற்றலை இழந்த அஜித் பெரேரா தாமே தொடுத்த வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்திக் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 30ஆம் உறுப்புரை விளையாட்டைப் பெயர்சொல்லியே குறிப்பிடுகிறது: மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே விளையாட வழி இருக்கவேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி, இந்த நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானவர்கள் பார்ப்பதிலோ, கேட்பதிலோ, நடப்பதிலோ, நினைவிலோ, தம்மைத் தாமே பராமரிப்பதிலோ, பேசுவதிலோ சிரமம் உள்ளவர்கள். ஆகவே இந்தப் பூங்கா யாருடைய தயவிலும் கிடைக்கவேண்டிய ஒன்றல்ல. நீங்கள் செய்யவேண்டிய கடமை அது.

இனி நிலத்துக்கு வருவோம்.

முதலில் பிள்ளை எப்படி வரும் என்று யோசியுங்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு பஸ் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்த பஸ் இல்லாவிட்டால் அந்தப் பூங்கா அங்கே வர முடிந்த பிள்ளைகளுக்கு மட்டுமானதாகிவிட்டிருக்கும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் வாழ்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கல்லடிப் புதுப் பாலம் 2013இல் திறந்தது, மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது, ஓடம் பார்த்து நின்ற காலம் போய்விட்டது. ஆனால் கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள ஒரு ஒழுங்கையிலிருந்து எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் தாய்க்குப் பாலம் மட்டும் போதாது. நடத்துநர் அவசரப்படுவார், படிக்கட்டு உயரம், சக்கர நாற்காலியை ஏற்ற இடமில்லை. ஓட்டோ பிடித்தால் அன்றைய கூலி அதிலேயே போய்விடும். அதனால்தான் நகரில் ஒரு பெரிய பூங்காவுக்குச் செலவிடும் காசில் வவுணதீவிலும் களுவாஞ்சிகுடியிலும் ஆரையம்பதியிலும் சிறிய பூங்காக்கள் நாலைந்து அமைவதையே நான் விரும்புவேன். பிரதேச வைத்தியசாலைக்கோ முன்பள்ளிக்கோ பக்கத்தில் அமைந்தால் இன்னும் நல்லது. இயன்மருத்துவத்துக்கு வரும் பிள்ளை திரும்பும்போது ஒரு மணிநேரம் விளையாடிவிட்டுப் போகும். பெரிய பூங்கா ஒன்றுதான் என்று முடிவானால், கிழமைக்கு ஒரு நாளாவது சபையின் வாகனம் ஊர்களுக்குப் போய் வரவேண்டும். அதற்கான எரிபொருள் செலவையும் பூங்காச் செலவுக் கணக்கிலேயே முதல் நாளிலிருந்து எழுதிவையுங்கள்.

அடுத்தது வாசல். மாடு நுழையாமலும் மோட்டார் சைக்கிள் ஏறாமலும் இருக்க, ஒருவர் மட்டும் உடம்பை வளைத்து நுழையும் இரும்பு வாசல்களை நாம் வைக்கிறோம். மாட்டைத் தடுக்கும் அந்த வாசல் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கைக்குழந்தை வண்டியையும் சேர்த்தே தடுக்கிறது. அகலமான, தானாகவே மூடிக்கொள்ளும் படலை ஒன்று இரண்டுக்கும் விடை தரும். கொழுக்கியை அமர்ந்த நிலையில் எட்டும் உயரத்தில் வைக்கவேண்டும். வாவி பக்கத்தில் இருக்குமானால் அந்தப் படலை இன்னும் முக்கியம். சில பிள்ளைகள், குறிப்பாக ஓட்டிசம் உள்ளவர்கள், தண்ணீரைக் கண்டால் அதை நோக்கி ஓடிவிடுவார்கள். சுற்றுவேலி ஒழுங்காக இருந்தால்தான் அவர்களுடைய தாய் ஐந்து நிமிடமாவது அமர்ந்து மூச்சுவிட முடியும்.

அடுத்தது தரை. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை முழுக்க மணல். விழும் பிள்ளைக்கு மணல் நல்லது. ஊஞ்சலுக்குக் கீழும் சறுக்கி முடியும் இடத்திலும் 1 அடி ஆழத்துக்கு மணல் இருந்தால் பெரிய அடி படாது. சக்கரத்துக்கு அதே மணல் புதைகுழி. இந்த முரணை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் நம் ஊர்ப் பூங்காவின் வடிவமைப்பு பாதி அடங்கியிருக்கிறது. வாசலிலிருந்து ஒவ்வொரு விளையாட்டு இடம் வரையும், 5 அடிக்குக் குறையாத அகலத்தில், இறுகிய தரையாக ஒரு பாதை ஓடவேண்டும். சீமெந்துக் கல் பதித்தாலும் சரி, கிரவல் போட்டு நன்கு இறுக்கினாலும் சரி. பாதை நடுவில் முடிந்துவிடக் கூடாது. சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரவேண்டும். அப்போது ஓடிப்பிடித்து விளையாடும்போது சக்கர நாற்காலியில் இருப்பவளும் துரத்தலாம், தப்பலாம். மேடு ஏறும் இடத்தில் சாய்வுப் பாதைக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். இடம் போதாது என்று பொறியியலாளர் இதைச் சுருக்கப் பார்ப்பார். விடாதீர்கள். செங்குத்தான சாய்வில் ஏற முயலும் நாற்காலி பின்பக்கம் கவிழும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை போதாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரச் சறுக்கியில் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? தொடை கருகும். காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்கு அது சுடுவதே தெரியாது, தோல் வெந்தபின்தான் தெரியும். அதனால் சறுக்கி மரநிழலில் இருக்கவேண்டும். நிழல் தரும் மரம் வளரப் பத்து ஆண்டு ஆகும்; ஆகவே ஏற்கெனவே மரம் நிற்கும் வளவைத் தெரிவுசெய்யுங்கள், மரத்தை வெட்டிவிட்டுத் தகரக் கூரை போடாதீர்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி வந்த சூறாவளியில் இந்த மாவட்டம் மரங்களை இழந்து நின்றதைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அதைத் தாங்கி நின்ற ஆலும் இலுப்பையும் எங்கே இருக்கிறதோ அங்கே பூங்காவைக் கொண்டுபோகலாம். புதிதாக நடுவதானால் உப்புக்காற்றுக்கு அஞ்சாத பூவரசும் புன்னையும் வேம்பும் இருக்கின்றன. அலரி வேண்டாம், அதன் இலையும் பூவும் நஞ்சு. முள்ளுள்ள போகன்வில்லாவும் வேண்டாம்.

உப்புக்காற்று இரும்பையும் விடாது. இரண்டு மாரி கடந்ததும் சங்கிலி துருவேறி, குழாயின் அடிப்பக்கம் உளுத்துப்போகும். நல்ல மரம், துத்தநாகம் பூசிய குழாய், கொங்கிறீட், தடித்த கயிறு, பழைய டயர் இவற்றால் நம் தச்சர்களும் ஒட்டுத் தொழிலாளர்களுமே விளையாட்டுக் கருவிகளைச் செய்துவிடலாம். பழுதானால் அவர்களே திருத்தவும் முடியும். டயர் வைத்தால் எல்லா டயரிலும் துளையிட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள். டெங்கு நமக்குப் புதிதல்ல. மார்கழியில் வெள்ளம் நிற்கும் தாழ்ந்த வளவை யாராவது இலவசமாகத் தந்தாலும் ஏற்காதீர்கள்.

மலசலகூடத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். எனக்கு இல்லை. ஒரு குடும்பம் பூங்காவில் பத்து நிமிடம் இருக்குமா, இரண்டு மணிநேரம் இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்ப 5 அடிக்கு 5 அடி வெற்றிடம், உட்காரும் கழிவறை, பிடிகம்பி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, தண்ணீர். அதோடு ஒரு நீளமான பலகை. பத்து, பன்னிரண்டு வயதிலும் உள்ளாடை மாற்றிவிட வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பலகை இல்லாததால் தம் பிள்ளையை ஈரத் தரையில் படுக்கவைக்க வேண்டி வருகிறது, அல்லது வீட்டிலேயே வைத்திருக்க வேண்டி வருகிறது. பெரும்பாலான தாய்மார் இரண்டாவதைத்தான் தெரிவுசெய்கிறார்கள். பூங்காவில் ஒரேயொரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், ஊஞ்சலை விட்டுவிட்டு அந்தக் கழிவறையைக் கட்டுங்கள் என்பேன். மரத்தடியிலும் மணலிலும் பிள்ளைகள் தாங்களே விளையாட்டைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை, நம்மிடம் நிறைய இருக்கிறது. ‘எவடம்’ விளையாடியதை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் இரு கைகளிலும் மண்ணைக் குவித்து, அதில் ஈர்க்குத் துண்டைக் குத்தி, கண்ணைப் பொத்தி வளவெல்லாம் நடத்திக்கொண்டு போவோம். ஓரிடத்தில் மண்ணைக் கொட்டவைத்து, சுற்றித் திருப்பிக் கூட்டிவந்து, கண்ணைத் திறந்துவிட்டு, கொட்டிய இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். இந்த விளையாட்டில் பார்வையற்ற பிள்ளை மற்றவர்களுக்கு ஈடு, சில வேளை மேல். காலடியில் தரை மாறுவதையும், நிழலின் குளிர்ச்சியையும், பக்கத்து வீட்டுக் கிணற்றின் சத்தத்தையும் அவள் ஏற்கெனவே வாசிக்கப் பழகியவள். இப்படி ஒரு விளையாட்டு நம் கையில் இருக்கும்போது பூங்காவின் பாதையை அதற்கேற்ப அமைக்க ஏன் யோசிக்கக் கூடாது? ஓரிடம் வழவழப்பான கல், ஓரிடம் கூழாங்கல், ஓரிடம் பலகை. ஒரு திருப்பத்தில் துளசி, அடுத்த திருப்பத்தில் மல்லிகை. காற்றில் ஒலிக்கும் மூங்கில் குழாய்கள் ஒரு மூலையில். பார்வையற்ற பிள்ளைக்கு அது வழிகாட்டி, மற்றவர்களுக்கு அது விளையாட்டு.

கொக்கான் வெட்டவும் பல்லாங்குழி ஆடவும் தரையில்தான் அமரவேண்டும் என்று யார் சொன்னது? 27 அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி அடியில் இருக்கும்படி ஒரு சீமெந்து மேசை கட்டி, அதன் மேற்பரப்பில் பல்லாங்குழிக் குழிகளை வார்த்துவிடுங்கள். நாற்காலியில் இருப்பவளின் முழங்கால் உள்ளே போகும், எதிரே நிற்பவனும் ஆடலாம். அதே போல மணல் மேசை ஒன்று. ஊஞ்சலுக்கு, சித்திரை வருடப்பிறப்புக்கு மரத்தில் கட்டும் பெரிய பலகை ஊஞ்சலைப் பின்பற்றலாம். தனியே அமர முடியாத பிள்ளையை நடுவில் வைத்து இரு பக்கமும் இருவர் அமர்ந்தால் மூவரும் ஆடலாம். கயிற்றால் பின்னிய அகலமான கூட்டு ஊஞ்சல் என்றால் படுத்தும் ஆடலாம். ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கிய ஊஞ்சலைவிட இது எனக்குப் பிடிக்கக் காரணம், அதில் ஏறும் பிள்ளை தனியே இருக்கமாட்டாள்.

சத்தத்தைத் தாங்க முடியாத பிள்ளைகளுக்கு, கூட்டத்திலிருந்து ஒதுங்கி, ஆனால் கூட்டத்தைப் பார்க்கக்கூடிய ஒரு அமைதியான இடம் வேண்டும். தாழ்ந்த ஓலைக் குடில் ஒன்று போதும். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடும் பழக்கத்தைப் பூங்காவுக்குள் கொண்டுவராதீர்கள். செவிப்புலனற்ற பிள்ளைக்குக் கண்தான் காது. உயரமான மதிலும் அடர்ந்த புதரும் அவளிடமிருந்து அம்மாவின் கைச்சைகையை மறைத்துவிடும்.

‘விழுந்துவிடுமே’ என்பது அடுத்த தடை. மாற்றுத்திறனுள்ள பிள்ளையை நாம் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம். ஏறவும் வழுக்கவும் நனையவும் அழுக்காகவும் அந்தப் பிள்ளைக்கும் ஆசை உண்டு. 1943இல், போர்க்காலத்தில், கோப்பன்ஹேகனில் எம்ட்ரப் என்ற இடத்தில் பலகையும் ஆணியும் பழைய சாமான்களும் கொடுத்துப் பிள்ளைகளே கட்டி விளையாடும் ஒரு வளவு தொடங்கியது. அதைப் பார்த்துவந்த ஆலன் சீமாட்டி என்ற தோட்ட வடிவமைப்பாளர் இங்கிலாந்தில் குண்டு விழுந்த வெற்று வளவுகளில் அத்தகைய விளையாட்டு இடங்கள் உருவாக வழிகாட்டினார். பிறகு 1970இல் இலண்டன் செல்சியில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்றைத் திறக்கச் செய்தார். பார்த்துக்கொள்ளப் பழகிய ஆட்கள் கூட நின்றால், மேடு ஏறிப் புல்லில் உருண்டுவருவதை எந்தப் பிள்ளைக்கும் மறுக்க வேண்டியதில்லை.

பூங்காவுக்கு வருபவர்கள் பிள்ளைகள் மட்டுமல்ல. இந்த மாவட்டத்தில் கண்ணிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்தவர்கள் இன்று தகப்பன்மார், சிலர் தாத்தாமார். தன் மகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டிவிட ஆசைப்படும் அந்தத் தகப்பனுக்கு மணலில் ஊன்றுகோல் புதையக் கூடாது. ஊஞ்சலின் பின்னால் இறுகிய தரை வேண்டும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்க, பேரப்பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிவருபவர் அம்மம்மா. முழங்கால் வலியோடு வரும் அவருக்கு முதுகு சாயக்கூடிய, கைப்பிடியுள்ள வாங்கு நிழலில் வேண்டும். அம்மம்மாவுக்கு இருக்க இடமில்லை என்றால் பேத்திக்கும் விளையாட்டு இல்லை.

எங்கே அமைப்பது என்பது நமக்கு இன்னொரு கேள்வியும்கூட. தமிழ் ஊருக்கு ஒன்று, முஸ்லிம் ஊருக்கு ஒன்று என்று பிரித்துக் கட்டுவது இலகு. வாக்குக் கணக்குக்கும் அது பொருந்தும். நான் கேட்பது வேறு. காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையில், ஏறாவூருக்கும் செங்கலடிக்கும் இடையில் எல்லையில் இருக்கும் ஒரு வளவை இரு சபைகளும் சேர்ந்து எடுத்து, இரு சபைகளின் செலவில் நடத்துங்கள். இதற்குக் கூச்சமும் பழைய காயமும் தடையாக வரும், அறிவேன். ஆனால் செவிப்புலனற்ற பிள்ளையின் தாய்க்கு, அடுத்த ஊரில் அதே நிலையிலுள்ள பிள்ளையின் தாயைவிட நெருங்கிய சொந்தம் யார் இருக்கிறார்? அவர்கள் சந்திக்க ஓர் இடம் வேண்டும். தாய்மார் கூச்சமின்றி அமர மறைப்புள்ள ஒரு பகுதியும், வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தையும் கோயில் திருவிழா நாட்களையும் கருதிய திறப்பு நேரமும் இருக்கட்டும். நேரத்தை இரு ஊர்ப் பெண்களிடமும் கேட்டே முடிவுசெய்யுங்கள்.

கட்டியபின் என்ன நடக்கும்? சென்னை மெரினாக் கடற்கரையில் சக்கர நாற்காலியில் வருபவர்கள் கடலின் அருகே போக 2022 நவம்பரில் மரப்பலகைப் பாதை திறந்தார்கள்.  இரண்டு கிழமைக்குள் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. பிறகு மாநகராட்சி அதைத் திருத்தியது. புயல் வரும் கரையில் வாழும் நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, திருத்தும் செலவு தொடக்கத்திலேயே கணக்கில் இருக்கவேண்டும் என்பது. நாடா வெட்டும் விழாவுக்கான பந்தல் செலவை அதற்குக் கொடுத்தாலே முதலாண்டுக்குப் பெரிய உதவி.

ஆட்களும் வேண்டும். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நடத்தியவை கருவிகள் அல்ல, பிள்ளைகளோடு விளையாடத் தெரிந்த மனிதர்கள். காவலாளி ஒருவரை மட்டும் வைத்தால் அவர் வேலை விரட்டுவதாகவே இருக்கும். அதே சம்பளத்தில், பழக்கப்பட்ட இருவரைப் பகுதிநேரமாக வைக்கலாம். அவர்களில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருக்கட்டும். சைகைமொழி தெரிந்திருந்தால் இன்னும் சிறப்பு. புதிதாக வரும் பிள்ளையைக் கைபிடித்து, ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர்களின் வேலை. கேலி செய்யும் பிள்ளையை அடிக்காமல் திருத்துவதும் அவர்களின் வேலைதான்.

கடைசியாக, வரைபடம் கீறும் முன் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். பெங்களூரில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் பெற்றோர் தொடங்கிய கிலிகிலி என்ற அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து கோல்ஸ் பார்க் போன்ற பொதுப் பூங்காக்களை எல்லாப் பிள்ளைகளுக்குமாக மாற்றியது. பெற்றோர் முன்னின்றதால் அது நடந்தது. இங்கும் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான பாடசாலைகளும் இல்லங்களும் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளின் ஆசிரியைகள் இருக்கிறார்கள். தெரிவுசெய்த வளவுக்குப் பிள்ளைகளை ஒரு பின்னேரம் கூட்டிவாருங்கள். கயிற்றாலும் சுண்ணாம்பாலும் தரையில் பாதையைக் கீறிவிட்டு அதில் நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். கண் தெரியாத பிள்ளையை நடக்கவிட்டு அவள் எங்கே தயங்குகிறாள் என்று கவனியுங்கள். பொறியியலாளரும் கூட நிற்கட்டும். சீமெந்து இறுகியபின் தெரியவரும் பிழையைச் சுண்ணாம்புக் கோட்டிலேயே அழித்துவிடலாம்.

அந்தப் பின்னேரத்துக்கு நானும் இன்னும் சில தாய்மாரும் வரத் தயார். அதற்கு முன்னோடியாக ஒரு கூட்டம் வைப்பதானால் அதற்கும் வருவோம். ஒரு வேண்டுகோள் மட்டும்: மாடியில் இருக்கும் மண்டபத்தில் வைக்காதீர்கள். எங்களில் மூவர் சக்கர நாற்காலியில் வருவார்கள். கூட்டம் பாடசாலை விடும் நேரத்துக்குப் பிறகு, பிள்ளைகளையும் கூட்டிவரக்கூடிய ஒரு தரைத்தளத்தில் இருக்கட்டும். திகதியை எந்தச் சபை முதலில் அறிவிக்கிறதோ அங்கேதான் முதலில் வருவோம்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து
உங்கள் வாக்காளர் ஒருத்தி